மாட்டிறைச்சி இஷ்டூ: முதன்முறை சமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாட்டிறைச்சியை வறுவலாகவும் குழம்பாகவும் மட்டுமே செய்து பழகிய வீட்டில் முதன்முறை இஷ்டூ வைக்கும்போது, அது பெரும்பாலும் வெளிறிப்போன குழம்பாகவே முடிகிறது. பழக்கத்தின் காரணமாகக் கை தானாகவே மஞ்சள்தூளையும் மல்லித்தூளையும் தேடிச் செல்வதுதான் அதற்குக் காரணம். இஷ்டூவில் இரண்டுக்கும் இடமில்லை, மிளகாய்த்தூளுக்கும் இல்லை. இறைச்சி நிதானமாக வெந்து விடும் சாறு, அதில் ஊறிய இஞ்சியும் முழு மசாலாவும், கடைசியில் சேரும் தேங்காய்ப்பால் ஆகிய மூன்றில்தான் அதன் சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சமைப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, அந்தச் சாற்றை நன்றாக இறக்குவதும், இறங்கிய சாற்றைக் கெடுக்காமல் காப்பதும்தான்.

‘ஸ்டூ’ என்ற ஆங்கிலச் சொல்லே மலையாள நாவில் ‘இஷ்டு’ ஆயிற்று. தில்லி முஸ்லிம் வீடுகளிலும் இதே பெயரில் ஒரு பண்டம் உண்டு. ஆனால் அதில் தேங்காய் கிடையாது, வெங்காயமும் காய்ந்த மிளகாயும்தான் அதற்கு ஆதாரம். இங்கே நாம் செய்யப்போவது கேரளத்து சிரியன் கிறிஸ்தவ வீடுகளின் வகை. அங்கே கிறிஸ்துமஸுக்கு முன் இருபத்தைந்து நாளும் ஈஸ்டருக்கு முன் ஐம்பது நாளும் நோன்பிருந்து புலால் தவிர்ப்பவர்கள், நோன்பு முடியும் காலையில் ஆப்பத்தோடு உண்பது பெரும்பாலும் இதைத்தான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இந்தச் சமையல் அந்நியமானதல்ல. எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் சென்னையில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த கோட்டயத்து அம்மச்சி ஒருவர். கீழே சொல்லும் முறை அவருடையது. அதில் பிரஷர் குக்கரைப் புகுத்தியது மட்டும் என் வேலை.

கறி வாங்குதல்

இஷ்டூவின் பாதித் தலைவிதி கடையிலேயே முடிவாகிவிடுகிறது. எலும்பும் சவ்வும் இல்லாத சுத்தமான தொடைச்சதையைக் கேட்டு வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அது வறுவலுக்கு நல்லது. நெடுநேரம் வேகும் இஷ்டூவிலோ அது நார் நாராக உலர்ந்து பல்லில் சிக்கும். வாழ்நாளெல்லாம் உழைத்த முன்னங்கால் சதையும் நெஞ்சுக்கறியும்தான் இதற்கு ஏற்றவை. அவற்றின் ஊடே வெள்ளையாக ஓடும் சவ்வில் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. நெடுநேரம் சூட்டில் இருக்கும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறுவதால்தான் மாவு எதுவும் சேர்க்காமலேயே சாறு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வருகிறது. கழுத்துப் பக்கம் மஞ்சளாக, ரப்பர் போல இழுபடும் தடித்த நாரை மட்டும் வெட்டி எறிந்துவிடச் சொல்லுங்கள். அது வேறு வகைப் புரதம். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கரையாது.

ஆறு பேர் உண்ண ஒரு கிலோ கறி போதும். அதில் கால் கிலோ நல்லி எலும்பாக இருந்தால் சாற்றுக்கு ஒரு கனம் கிடைக்கும். துண்டுகள் 4 சென்டிமீட்டர் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். கடைக்காரர் வழக்கப்படி சுக்காவுக்கு வெட்டுவது போலச் சிறிதாக வெட்டத் தொடங்குவார். கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வெந்ததும் துண்டு சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊர்க் கறி வேக ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடுகளையும், காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் அவற்றுக்கு நிரந்தரமாகத் தகுதியிழந்த மாடுகளையும் மட்டுமே அறுக்கத் தகுந்தவை என்று சான்றளிக்கச் சொல்கிறது. அதாவது, நம் சட்டிக்கு வருவது பெரும்பாலும் முதிர்ந்த விலங்கு. வெளிநாட்டுக் காணொளிகளில் இளம் மாட்டின் கறியை வைத்துச் சொல்லப்படும் நேரக்கணக்கு இங்கே ஒத்துவராததன் காரணம் இதுதான்.

மற்ற பொருள்கள்

பெரிய வெங்காயம் மூன்று, உருளைக்கிழங்கு 400 கிராம், கேரட் இரண்டு, இஞ்சி 40 கிராம், பூண்டு எட்டுப் பல், பச்சை மிளகாய் எட்டு, கறிவேப்பிலை மூன்று கொத்து, இரண்டு அங்குலப் பட்டை இரண்டு, கிராம்பு ஆறு, ஏலக்காய் ஐந்து, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, தேங்காய் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, நடுத்தர அளவுத் தேங்காய் இரண்டு, தாளிக்கச் சின்ன வெங்காயம் பத்து, தேவையான உப்பு ஆகியவை போதும். பச்சை மிளகாயின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவற்றை நறுக்காமல் நீளவாக்கில் ஒரு கீறல் மட்டும் போட்டுச் சேர்ப்பதால் மணம் இறங்குமே தவிர காரம் அவ்வளவாக இறங்காது. சிறு குழந்தைகள் இருக்கும் வீடானால் நான்காகக் குறைக்கலாம். இஞ்சியைக் குறைக்கக் கூடாது. விழுதாக அரைக்கவும் கூடாது. அரைத்தால் சாறு கலங்கிவிடும். தீக்குச்சி போல மெல்லியதாக அரிந்துகொள்ள வேண்டும்.

முந்திரி விழுது சேர்ப்பவர்கள் உண்டு. சாறு கெட்டியாகும் என்பது உண்மைதான். ஆனால் உணவகத்துக் குருமாவின் சாயல் வந்துவிடுவதால் நான் சேர்ப்பதில்லை.

தேங்காய்ப்பால் எடுத்தல்

கறி வேகும் நேரத்திலேயே இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். துருவிய தேங்காயில் வெதுவெதுப்பான நீரை அரை டம்ளர் மட்டும் ஊற்றி, மிக்ஸியில் இரண்டு சுற்று ஓடவிட்டு, மெல்லிய துணியில் இட்டுப் பிழிந்தால் முதல்பால் கிடைக்கும். இரண்டு காய்க்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் வரும். கொதிநீரை ஊற்றக் கூடாது. குளிர்ந்த நீரில் கொழுப்பு முழுமையாக இறங்காது. அதே சக்கையில் இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றி மறுபடி பிழிவது இரண்டாம் பால். இரண்டையும் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்து, எது எது என்று வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள். உதவிக்கு வந்த கை இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. அவற்றுள் பலவற்றில் திரியாமல் காக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருப்பதால், பழகாதவர்களுக்கு அது ஒருவகையில் பாதுகாப்பும்கூட. ஒரு பகுதியை அப்படியே முதல்பாலாகவும், மற்றொரு பகுதியை இரண்டு மடங்கு நீர் கலந்து இரண்டாம் பாலாகவும் வைத்துக்கொள்ளலாம். வாசனையில் சிறிய குறை இருக்கும்.

கறியை வேகவைத்தல்

எலும்புத்தூள் போகும் அளவுக்குக் கறியை மெதுவாக அலசி, கண் பெரிதான வடிகட்டியில் கால் மணி நேரம் நீர் வடியவிடுங்கள். தண்ணீர் தெறிக்கும்படி குழாயடியில் கழுவினால் கிருமிகள் சுற்றியுள்ள பாத்திரங்களில் எல்லாம் பரவும். பச்சைக்கறி பட்ட இடத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுவது அவசியம். வடிந்த கறியில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பையும் பாதி மிளகையும் தடவி அரை மணி நேரம் வைத்துவிட்டால், உப்பு உள்ளே இறங்கத் தொடங்கிவிடும்.

ஐந்து லிட்டர் குக்கரில் எண்ணெயில் முக்கால் பங்கைச் சூடாக்கிப் பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஆகியவற்றைப் போடுங்கள். ஏலக்காய் உப்பியதும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், நீளமாக அரிந்த பெரிய வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்று அடுத்தடுத்துச் சேர்த்து மிதமான தீயில் வதக்க வேண்டும். வெங்காயம் கண்ணாடி போலத் துவண்டால் போதும். பிரியாணிக்கு வதக்குவது போலப் பொன்னிறம் வரும்வரை விட்டால் இஷ்டூவின் நிறம் பழுப்பாகிவிடும். பிறகு கறியைச் சேர்த்து, சிவப்பு மறைந்து எல்லாப் பக்கமும் வெளுக்கும் வரை ஐந்தாறு நிமிடம் பிரட்டிவிட்டு, கொதிக்கும் நீர் இரண்டு டம்ளர் ஊற்றுங்கள். கறியிலிருந்தே நீர் விடும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். மூடியைப் போடாமல் ஒரு கொதி வரவிட்டால் மேலே சாம்பல் நிற நுரை திரளும்; அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால்தான் சாறு தெளிவாக இருக்கும்.

இனி மூடி போடலாம். ‘ஐந்து விசில்’, ‘எட்டு விசில்’ என்று எழுதப்படும் கணக்கை நான் நம்புவதில்லை. ஒரு அடுப்பில் எட்டு விசில் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். மற்றொன்றில் அரை மணி ஆகும். கணக்கிட வேண்டியது நிமிடத்தைத்தான். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, அங்கிருந்து முப்பது நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் உள்ளே சாறு கொந்தளித்துக் கொதிக்கிறது; நாம் பொறுமையாகத் தெளியவைத்த சாறு அந்த ஒரு நிமிடத்தில் கலங்கிப்போகும்.

குக்கர் இல்லாதவர்களும் வேண்டாதவர்களும் அடி கனமான சட்டியில் மூடிவைத்து, மிகச் சிறிய தீயில் இரண்டரை மணி நேரம் வேகவைக்கலாம். அவ்வப்போது வெந்நீர் சேர்க்க வேண்டியிருக்கும். இந்த முறையில் வரும் சுவை சற்று உயர்ந்தது என்பதே என் எண்ணம். ஆனால் இதில் புதியவர்கள் பயப்படும் கட்டம் ஒன்று உண்டு. நாற்பது நிமிடம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தால், அது முன்பைவிடக் கெட்டியாக, செருப்புத் தோல் போல இருக்கும். கறி கெட்டுப்போய்விட்டது என்று அடுப்பை அணைத்துவிடாதீர்கள். சூட்டில் தசைநார்கள் முதலில் சுருங்கி இறுகும். அவற்றைக் கட்டியிருக்கும் சவ்வு கரைவது அதற்குப் பின்னரே நடக்கும். இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்து அதே சட்டியில் கரண்டியின் விளிம்பாலேயே துண்டைப் பிளக்க முடியும்.

பதம் பார்ப்பதும் அப்படித்தான். ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கரண்டி விளிம்பால் அழுத்துங்கள். சற்றே தயங்கிவிட்டு இரண்டாகப் பிரிந்தால் சரி. வழுக்கி ஓடினால் குக்கரை மூடி இன்னும் பத்து நிமிடம். தொட்டதுமே நூல் நூலாகப் பிரிந்தால் அளவு கடந்துவிட்டது. சாப்பிடலாம், ஆனால் அடுத்த முறை நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காய்கள்

முதன்முறை நான் சமைத்தபோது, நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி உருளைக்கிழங்கையும் கேரட்டையும் கறியோடு சேர்த்தே குக்கரில் போட்டு மூடினேன். திறந்து பார்த்தபோது உருளைக்கிழங்கு இருந்த சுவடே இல்லை. பதறிப்போய், மாவாகிவிட்ட அந்தச் சாற்றை நீர்க்கச் செய்வதற்காக முதல்பாலை ஊற்றிக் கொதிக்கவும் வைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அது திரிந்து, எண்ணெய் ஒருபுறமும் வெள்ளைத் துகள்கள் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றது. எதிர்வீட்டு அம்மச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “மோனே, இறைச்சிக்கு ஒரு நேரம், கிழங்குக்கு ஒரு நேரம், பாலுக்கு ஒரு நேரம்” என்று மட்டும் சொன்னார். அன்று நாங்கள் அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

ஆகவே கறி முழுவதும் வெந்த பிறகே காய்கள் உள்ளே போக வேண்டும். உருளைக்கிழங்கை 3 சென்டிமீட்டர் துண்டுகளாகவும், கேரட்டை அதைவிடச் சற்றுச் சிறிதாகவும் நறுக்கிச் சாற்றில் போட்டு, மூடி போடாமல் மிதமான தீயில் வேகவிடுங்கள். பத்து நிமிடத்தில் கத்தி முனை சிறு எதிர்ப்போடு உள்ளே இறங்கும். அப்போது இரண்டாம் பாலை ஊற்றி, மேலும் ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு உப்பைச் சரிபாருங்கள். சாறு நீர்த்திருப்பதாகத் தோன்றினால் நான்கைந்து உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சட்டியின் ஓரத்தில் வைத்து மசித்துக் கலந்துவிடலாம். அரிசிமாவு கரைத்து ஊற்றுவதைவிட இதுவே நல்லது. பட்டாணியும் பீன்ஸும் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். காலிபிளவர் வேண்டாம், அதன் வாசனை ஏலக்காயை அமுக்கிவிடும்.

முதல்பால்

சமையல் முழுவதிலும் அடுப்பை விட்டு நகரக் கூடாத கட்டம் இது ஒன்றுதான். தேங்காய்ப்பாலில் கொழுப்பு நுண்ணிய துளிகளாக நீரில் மிதக்கிறது. அத்துளிகள் ஒன்றுசேராமல் தடுப்பது அதிலுள்ள புரதம். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்குவதால், பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடுகிறது. இரண்டாம் பாலில் கொழுப்பு குறைவு என்பதால் அது கொதிப்பதைப் பொறுத்துக்கொள்ளும், முதல்பால் பொறுக்காது.

எனவே முதலில் அடுப்பை அணைத்து, கொதிப்பு முழுவதும் அடங்கும்வரை இரண்டு நிமிடம் காத்திருங்கள். ஒரு கரண்டி சூடான சாற்றை முதல்பாலில் விட்டுக் கலக்கி அதன் குளிர்ச்சியைப் போக்கிய பின், அதை மெல்லிய தாரையாகச் சட்டியில் ஊற்ற வேண்டும். பிறகு மிகச் சிறிய தீயில் மீண்டும் வைத்து, அடியிலிருந்து மெதுவாகக் கிளறிக்கொண்டே சட்டியின் விளிம்பைக் கவனியுங்கள். நடுப்பகுதி அசைவற்றிருக்கும்போதே, சாறு சட்டியைத் தொடும் ஓரத்தில் வெள்ளை வளையம் ஒன்று இலேசாக நடுங்கத் தொடங்கும். அதைத் தொடர்ந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் இரண்டு மூன்று எழும். அந்த நடுக்கத்தைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். குமிழி நடுவுக்கு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஒரே திசையில்தான் கிளற வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எந்தத் திசையில் கிளறினாலும் சூடு கூடினால் பால் திரியவே செய்யும்.

எலுமிச்சையோ வினிகரோ பிடிக்குமென்றால் சட்டியில் சேர்க்க வேண்டாம். புளிப்பும் பாலைத் திரிக்கும். அவரவர் தட்டில் பிழிந்துகொள்ளலாம். ஒருவேளை சற்றே திரிந்துவிட்டால், ஒரு தேக்கரண்டி அரிசிமாவை நீரில் கரைத்து ஊற்றி மெதுவாகச் சூடாக்கினால் ஓரளவு சேர்ந்துகொள்ளும். சுவை எப்படியும் கெடுவதில்லை.

மீதமுள்ள எண்ணெயில் சின்ன வெங்காயத்தை அரிந்து பொன்னிறமாக வறுத்து, எஞ்சிய கறிவேப்பிலையைப் பொரியவிட்டு, மீதி மிளகையும் அதிலேயே தூவி இஷ்டூவின் மேல் கொட்டி உடனே மூடிவிடுங்கள். குறைந்தது இருபது நிமிடம் மூடியபடியே இருக்கட்டும். மிளகும் கறிவேப்பிலையும் சாற்றில் இறங்குவது அந்த நேரத்தில்தான்.

பரிமாறலும் மிச்சமும்

ஆப்பம்தான் இதற்கு முதல் துணை. கள் ஊற்றிப் புளிக்கவைக்கும் வழக்கம் இன்று குறைந்து, பெரும்பாலோர் ஈஸ்ட்டையே பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் மாவை முந்தின இரவே கரைத்தாக வேண்டும் என்பதால், கறி வாங்கும்போதே ஆப்பத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாத நாளில் இடியாப்பமும் பொருந்தும். நல்ல கெட்டியான ரொட்டியும் போதும். வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிடக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். அவர்களுக்குப் பரிமாறும் முன் ஏலக்காயையும் கிராம்பையும் பொறுக்கி எடுத்துவிடுவது நல்லது. ஒரு கிராம்பைக் கடித்துவிட்ட குழந்தை அதற்கப்புறம் தட்டைத் தொடாது.

இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சமைப்பதானால், முதல்பால் சேர்ப்பதற்கு முன்பே பாதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பால் சேர்த்த இஷ்டூவை மறுநாள் நன்றாகச் சூடாக்கினால் திரியும். அரைகுறையாகச் சூடாக்கினாலோ வயிற்றுக்கு ஆகாது. எடுத்துவைத்த பகுதியை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள்வரை இருக்கும். ஆழமான சட்டியோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும்; கிருமிகள் பெருக அதுவே போதும். மறுநாள் திறந்து பார்த்தால் சாறு கட்டியாக உறைந்து, கரண்டியைக் குத்தினால் அசையாமல் நிற்கும். கெட்டுவிட்டதோ என்று ஐயப்பட வேண்டாம். சவ்விலிருந்து இறங்கிய ஜெலட்டின்தான் அது. மேலே படிந்த கொழுப்பை வேண்டிய அளவு வழித்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கி, புதிதாகப் பிழிந்த முதல்பாலை முன் சொன்ன முறையிலேயே சேர்த்தால், முதல் நாளைவிட இரண்டாம் நாள் இஷ்டூ நன்றாக இருப்பதாக வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்.